லிவியோ கர்தெல்லியின் நூறு படங்கள்

லிவியோ கர்தெல்லி எத்தனை படங்களுக்கு இசையமைத்தார் என்று யாராவது கேட்டால் நான் வாயைத் திறப்பதில்லை. அந்தக் கேள்விக்கு ஒருமுறை பதில் சொல்லிக்கொடுத்து ஒரு மனிதனைக் கெடுத்தது போதும். ஆனால் அவருடைய கதையை எழுதி வைக்க வேறு ஆளில்லை. மகளுக்கு அதில் மனமில்லை. ரோமில் அவரோடு வேலை செய்தவர்கள் செத்துப்போனார்கள். மிஞ்சியிருப்பது அவருடைய கராஜில் பத்து மாதம் குடியிருந்த நான்தான்.

என் பெயர் சிறிதரன். படகில் வந்த அகதி. 2010இல் கிறிஸ்மஸ் தீவில் இறங்கி, வில்லவூட் முகாமில் நாட்களைத் தின்று, 2011 மார்கழியில், முடிவு வரும்வரை தங்க விடுகிற பிரிட்ஜிங் விசாவோடு வெளியே வந்தேன். செவன் ஹில்ஸில் ஒரு களஞ்சியத்தில் பெட்டிகளுக்கு பிளாஸ்டிக் சுற்றும் வேலை கிடைத்தது. மெரிலேண்ட்ஸில் ஒரு மரக்கறிக் கடைக் கண்ணாடியில் 'அறை வாடகைக்கு, அமைதியான ஆள் தேவை' என்று ஒட்டியிருந்த துண்டைப் பார்த்து அந்த வீட்டுக்குப் போனேன். மணியை அடித்துவிட்டுக் காத்திருந்தேன். கதவைத் திறந்த கிழவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. கழுத்தில் தொங்கிய நிறுத்தற் கடிகாரத்தை அமுக்கிப் பார்த்தார்.

"மணியிலிருந்து கதவுக்கு நாற்பத்தொரு செக்கன். போன மாதம் முப்பத்தாறு. முழங்கால் சரியில்லை" என்றார்.

அவரும் நானும் பேசியது ஆளுக்கொரு உடைந்த ஆங்கிலம். இங்கே அதை என் பாஷையில் எழுதுகிறேன். அப்போது அவருக்கு எண்பத்தொரு வயது. தனியே இருந்தார். வாடகை அறை என்றது அவருடைய கராஜைத்தான். வீட்டில் பியானோவைக் குசினிக்குள் வைத்திருந்தார். அடுப்புக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் நடுவில் பியானோ இருக்கிற வீட்டை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஏன் இப்படி என்று கேட்டபோது, குசினியில்தான் வேலை ஓடும் என்றார். இசை படித்த மனிதர் என்பதால் நான் அவரை மாஸ்டர் என்று கூப்பிடத் தொடங்கினேன். ஊரில் படித்தவர்களை அப்படித்தான் கூப்பிடுவோம்.

மாஸ்டர் பிறந்தது இத்தாலியில் அக்கோடியன் செய்கிற ஒரு சின்ன ஊரில், 1931இல். தகப்பன் அக்கோடியன் பட்டறையில் கூலி. பதினேழு வயதில் ரோமுக்குப் போய், இரவுச் சாப்பாட்டுக் கடைகளில் வாசித்து, பகலில் சங்கீதக் கல்லூரியில் படித்தார். படித்து முடித்ததும் பெயர் பெற்ற ஒரு சினிமா இசையமைப்பாளரிடம் எடுபிடி வேலை. அந்த ஆள் எழுதியதை ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாகப் படியெடுத்துக் கொடுப்பது. ஒருநாள் முதலாளி சாராயத்தில் கவிழ்ந்து கிடந்தார், மறுநாள் ஒலிப்பதிவு. கடைசி இருபது நிமிடத்தை நீயே எழுது என்றாராம். மாஸ்டர் எழுதினார். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அடுத்த படத்தில் பாதியை எழுதினார். அதற்கடுத்ததில் முழுவதையும் எழுதினார். பெயர் மட்டும் முதலாளியுடையது.

1962இல் தனியே தொழிலுக்கு வந்தார். வாள்சண்டைப் படங்கள், பிறகு குதிரையும் துப்பாக்கியும், பிறகு பேய், பிறகு பொலிஸ், பிறகு பெண்கள் குளிக்கிற பகிடிப் படங்கள். சனங்கள் எதைப் பார்க்கப் போனார்களோ அதற்கெல்லாம் இசை கொடுத்தார். ஆனால் அந்தப் படங்களை அவர் பார்த்ததில்லை. எனக்கு முதலில் இது விளங்கவில்லை. படம் வெட்டுகிறவரிடமிருந்து ஒரு தாள் வரும். அதில் நேரக் கணக்கு இருக்கும். 14 செக்கன், கதவு திறக்கிறது. 22, அவள் திரும்புகிறாள். 31, கத்தி. அவ்வளவுதான். அந்தத் தாளை வைத்துக்கொண்டு எழுதவேண்டும், ஒரு செக்கன் கூடவும் கூடாது குறையவும் கூடாது. படம் தியேட்டருக்கு வரும்போது அவர் அடுத்த இரண்டு படத்தை முடித்துவிட்டிருப்பார்.

அவருடைய மனைவி ஓர்னெல்லா கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு குசினியில் நிற்பாளாம். பதினாலாவது செக்கனில் அலுமாரிக் கதவைத் திறப்பாள். இருபத்திரண்டில் திரும்புவாள். முப்பத்தொன்றில் அகப்பைக்காம்பு நெஞ்சில் குத்தியதுபோல் கதிரையில் சாய்வாள். "அந்தக் குசினியில் என்ரை மனுசி கிழமைக்கு நாலுதரம் செத்தாள்" என்று மாஸ்டர் சிரிப்பார். வாசித்து முடித்ததும் அவளைப் பார்த்து "சரியா வந்ததோ?" என்று கேட்பார். அவள் கடிகாரத்தைப் பார்த்து "வந்தது" என்பாள். அதற்குப் பிறகுதான் அடுப்பில் தண்ணீர் வைப்பார்கள்.

ஒரே வருடத்தில் பதினாலு படம் செய்திருக்கிறார். ஒரே மாதத்தில் மூன்று படம் சுவரொட்டியில் வந்தால் மூன்றிலும் ஒரே பெயர் இருப்பதைத் தயாரிப்பாளர்கள் விரும்பவில்லை. அதோடு அமெரிக்கப் படம் என்று சொன்னால்தான் சனம் வருமாம். ஆகவே அவர் ஜோ வோக்கர் ஆனார், பென் ஹார்லி ஆனார், எல். சி. ஸ்டோன் ஆனார். காதல் படங்களுக்கு மார்த்தா லேன் என்ற பெண் பெயர். மொத்தம் பதினாலு பெயர். சொந்தப் பெயரில் வந்தவை ஒன்பதோ பத்தோ.

எழுபதுகளின் கடைசியில் தியேட்டர்கள் மூடத் தொடங்கின. நாற்பது பேர் வாசித்த இடத்தில் ஒரு இளைஞனும் ஒரு மெசினும் வந்து நின்றார்கள். 1982இல் ஓர்னெல்லாவின் தமையன் கூப்பிட, பன்னிரண்டு வயது மகள் கார்லாவோடு மெரிலேண்ட்ஸ் வந்து சேர்ந்தார். தரை ஓடு விற்கும் ஒரு களஞ்சியத்தில் பதினாலு வருடம் ஓட்டுப் பெட்டி தூக்கினார். சனிக்கிழமைகளில் இத்தாலியர்களின் கல்யாணங்களில் அக்கோடியன் வாசித்தார். அங்கே ஒருவரும் அவரிடம் நீ முன்பு என்ன செய்தாய் என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

எனக்கு எரிச்சல் வரும். "உங்கடை பெயரைப் போடச் சொல்லி ஒருக்காலாவது சண்டை பிடிச்சிருக்கலாமே" என்று ஒருநாள் கேட்டேன். அவர் தோளைக் குலுக்கினார். "கேட்டதைக் குடுத்தனான். சோகமோ? எத்தனை செக்கன்? இந்தா பிடி." அவருடைய குணமே அதுதான். யார் எதைக் கேட்டாலும், எதற்கென்று பார்க்காமல், சரியான அளவில் செய்து கொடுப்பார். இதை நான் அப்போது ரசித்தேன்.

அவர் சொன்னதெல்லாம் உண்மையா என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. 2012 வைகாசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் தொலைக்காட்சியில் பழைய குதிரைப் படம் ஒன்று ஓடியது. எழுத்து ஓடும்போது 'இசை: ஜோ வோக்கர்' என்று வந்தது. மாஸ்டர் தன் நெஞ்சில் விரலால் தட்டினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சீழ்க்கையடிக்கத் தொடங்கினார். அவர் அடித்த மெட்டு, இரண்டு செக்கன் கழித்துப் படத்தில் வந்தது. படம் முழுக்க இப்படி அவர் முன்னே போக, ஜோ வோக்கர் பின்னே வந்தான். ஒரு இடத்தில் மாத்திரம் நிறுத்திவிட்டுக் கண்ணைத் திறந்தார். "இது பாதிரியின்ரை செத்தவீட்டுக்கு எழுதினது. குதிரை தண்ணி குடிக்கிறதுக்குப் போட்டிருக்கிறாங்கள்" என்றார். நாற்பத்தைந்து வருடம் கழித்து அன்றுதான் அவருக்கு அது தெரியும். அந்த மெட்டு எனக்கும் பாடமாகிவிட்டது, வேலைத்தலத்தில் பிளாஸ்டிக் சுற்றும்போது அதைத்தான் சீழ்க்கையடிப்பேன்.

மொத்தம் எத்தனை படம் என்று அன்று கேட்டேன். நூற்று எண்பத்தேழு என்றார். இன்னொருநாள் நூற்று அறுபத்துமூன்று. பிறகு ஒருநாள் இருநூற்றுப் பதினொன்று. கேட்டால் நியாயம் சொன்னார். முதலாளி பெயரில் எழுதியதைச் சேர்த்தால் ஒரு கணக்கு. ஒரே படம் மூன்று பெயரில் வெளிவந்தால் அதை ஒன்றாக எண்ணுவதா மூன்றாகவா? பழைய இசையை வெட்டி ஒட்டியதைச் சேர்ப்பதா? அவருடைய மூளையில் ஒரு பிசகும் இல்லை. உண்மைதான் அப்படிக் கோணலாக இருந்தது. ஆனால் எண்ணிக்கை மாறுவதைக் கேட்டதும் எனக்குப் பயம் பிடித்தது. அதற்குக் காரணம் இருக்கிறது.

முகாமில் என்னுடைய முதல் விசாரணையில், இராணுவம் உன்னை எத்தனை நாள் வைத்திருந்தது என்று கேட்டார்கள். ஐந்து என்றேன். இரண்டாம் தரம் கேட்டபோது நாலு என்றேன். முதல் ராத்திரி ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தார்கள், அதை எண்ணுவதா விடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் உண்மை. விண்ணப்பதாரரின் கூற்றுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று எழுதி என்னை நிராகரித்தார்கள். நான் சொல்லச் சொல்ல அந்த அதிகாரி தலையைக் குனிந்து ஒவ்வொரு எண்ணாக எழுதிக்கொண்டிருந்தது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. இடையிடையே நல்லபடியாகச் சிரிக்கவும் செய்தார்.

அதற்குப் பிறகு முகாமில் சிவபாதசுந்தரம் அண்ணை என்னைப் பிடித்து இருத்திப் பாடம் எடுத்தார். ஊரில் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவர், கடதாசியின் குணம் தெரிந்தவர். "தம்பி, ஒரு பேர், ஒரு எண்ணிக்கை. ஆர் எத்தினைதரம் கேட்டாலும் அதுதான். நிச்சயமில்லாட்டி ஞாபகமில்லை எண்டு சொல்லு. ஊகிச்சுக் கீகிச்சுச் சொல்லிப்போடாதை. ஞாபகமில்லை எண்டவனை அவங்கள் ஒண்டும் செய்யேலாது." 2012 ஆடியில் நடந்த மறுவிசாரணைக்கு அந்தப் பாடத்தோடுதான் போனேன். நாலு நாள், நாலு நாள், நாலு நாள். நன்றாகப் போனது என்று வழக்கறிஞர் சொன்னார். முடிவு வரும்வரை காத்திருக்கச் சொன்னார்கள்.

அதே மாதம் மாஸ்டர் அடுப்பில் சோஸ் வைத்துவிட்டுப் பியானோவில் இருந்துவிட்டார். பானை கருகிப் புகை எழுந்து பக்கத்து வீட்டுக்காரர் தீயணைப்புப் படையைக் கூப்பிட்டார். மெல்பேர்னில் இருந்து கார்லா வந்தாள். அவள் கெட்டவள் இல்லை. பள்ளிக்கூடத்தில் வேலை, இரண்டு பிள்ளைகள், பயந்த முகம். தன் வீட்டுக்குக் கிட்ட ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது, மறதிக்காரருக்குத் தனிப் பகுதி, கதவு பூட்டியிருக்கும், பாதுகாப்பு என்றாள். மாஸ்டர் மாட்டேன் என்றார். இந்தக் குசினியில்தான் ஓர்னெல்லா செத்தாள், இந்த முறை உண்மையாகவே செத்தாள், நானும் இங்கேதான் சாவேன் என்றார்.

விஷயம் இப்படி நின்றது. மனைவி போன பிறகு மாஸ்டர் ஒரு பத்திரத்தில் கையெழுத்து வைத்திருந்தார். தீர்மானம் எடுக்கும் நிதானம் அவருக்கு இல்லை என்று வைத்தியர் எழுதினால், அவர் எங்கே இருப்பது என்று கார்லா முடிவு செய்யலாம். நிதானம் இருக்கிறது என்று எழுதினால் ஒருவரும் அவரை அசைக்க முடியாது. முதியோரை மதிப்பிடும் குழு வந்து பார்க்கும், இரண்டு தடவை.

ஆவணியில் முதல் தடவை வந்தது யாமினி என்ற பெண். திருச்சிப் பக்கம், தாதியாக இருந்து இந்த வேலைக்கு மாறியவர். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு குசினி மூலையில் நின்றேன். மாஸ்டருக்கு அன்று கொண்டாட்டம். இத்தனை வருடத்தில் உத்தியோகபூர்வமாக ஒருவர் வந்து உன் வாழ்க்கையைச் சொல்லு என்று கேட்டது அதுதான் முதல்முறை. பதினாலு பெயரையும் சொன்னார். நூற்று எண்பத்தேழு என்றார், இல்லை இருநூற்றுப் பதினொன்று என்றார், பியானோவில் இருந்து பேய் வருகிற இடத்தை வாசித்துக் காட்டினார். ஓர்னெல்லா எட்டாம் திகதிக்கும் ஒன்பதாம் திகதிக்கும் நடுவில் செத்தாள், எந்தப் பக்கம் என்று ஒருவருக்கும் தெரியாது என்றார். யாமினி தலையைக் குனிந்து எழுதிக்கொண்டேயிருந்தார். அந்தப் பேனாவைத்தான் நான் பார்த்தேன்.

போகும்போது என்னிடம் தமிழில், "பிரமாதமா பேசுறாரு இல்ல?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பையும் நான் முன்பு பார்த்திருக்கிறேன் என்று நினைத்தேன். மடையன் நான்.

அன்று பின்னேரமே மாஸ்டரை மேசையில் இருத்தினேன். "அவை உங்களை நம்பேல்லை. எண்ணிக்கை மாறினா பொய்யெண்டு எழுதிப்போடுவினம். எனக்கு நடந்தது" என்றேன். அவர் முகம் வெளிறியது. சும்மா உபகாரத்துக்கு நான் இதைச் செய்யவில்லை. அந்த வீடு போனால் என் கராஜும் போகும். அதுவும் மனதில் இருந்தது.

அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "சரி. என்ன வேணும்? சொல்லு." ரோமில் தயாரிப்பாளர்களிடம் கேட்ட அதே கேள்வி. நான் சொல்லச் சொல்ல, பழைய நேரத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினார். பெயர்: லிவியோ கர்தெல்லி, ஒன்றே ஒன்று. படம்: நூறு. நிச்சயமில்லாத எதற்கும்: ஞாபகமில்லை.

"மார்த்தா லேனையும் விடவேணுமோ? அவள் நல்லா எழுதினவள்" என்றார்.

"விடுங்கோ, மாஸ்டர்."

மூன்று கிழமை பயிற்சி. நான் வேலையால் வந்து உடுப்பு மாற்றாமல் அதிகாரி மாதிரி எதிர்க் கதிரையில் இருப்பேன். குறுக்குக் கேள்வி கேட்பேன். முதலில் வாய் தடுமாறி ஜோ வோக்கர் என்று தொடங்குவார், நான் மேசையில் தட்டுவேன். போகப்போக ஒரு பிழையும் இல்லை. ஒவ்வொருமுறையும் முடிந்ததும், "சரியா வந்ததோ?" என்று கேட்பார். நான் "வந்தது" என்பேன். எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

புரட்டாதியில் யாமினி ஒரு வைத்தியரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கார்லாவும் பக்கத்தில் இருந்தாள். என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். பின்படியில் நின்று யன்னலால் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எத்தனை படம்? நூறு. வேறு பெயர்களில் எழுதினீர்களா? ஒரு பெயர்தான். போனமுறை மார்த்தா லேன் என்று சொன்னீர்களே? ஞாபகமில்லை. ரோமில் எந்தத் தெருவில் இருந்தீர்கள்? மூன்று தெருவில் இருந்தவர், எதைச் சொல்வதென்று நிச்சயமில்லை. ஞாபகமில்லை. இன்றைக்கு என்ன திகதி? பதினெட்டோ பத்தொன்பதோ என்று யோசித்திருப்பார். ஞாபகமில்லை. வைத்தியர் ஐந்து சொல் சொல்லிக் கொஞ்சம் பொறுத்துத் திருப்பிக் கேட்டார். ஞாபகமில்லை. ஒவ்வொரு 'ஞாபகமில்லை'க்கும் நான் வெளியே நின்று தலையாட்டினேன். கச்சிதமாகச் செய்கிறார் என்று நினைத்தேன்.

பிறகு யாமினி, "உங்கள் மனைவி எப்போது இறந்தார்?" என்று மெதுவாகக் கேட்டார். எட்டா, ஒன்பதா.

"ஞாபகமில்லை" என்றார் மாஸ்டர்.

கார்லா எழுந்து என்னைத் தாண்டி முற்றத்துக்கு ஓடி, உடுப்புக் கொடியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் அழுவதைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சாடையாக உறைக்கத் தொடங்கியது. யாமினி வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார்.

"ஒரே மாசத்துல இப்படி இறங்கிட்டாரே. போன தடவை எவ்வளவு தெளிவா இருந்தாரு. கொஞ்சம் மறதி இருந்தாலும் தாராளமா வீட்டுல இருக்கலாம்னுதான் நான் எழுதி வச்சிருந்தேன். நீங்க கூடவே இருக்கீங்களே, ஏதாவது மாற்றம் கவனிச்சீங்களா?"

அவர்கள் வந்தது பொய்யைப் பிடிக்க அல்ல. எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று பார்க்க. இந்த நாட்டில் கேள்வி கேட்டவர்கள் எல்லாரும் என்னை நம்பாமல்தான் கேட்டார்கள், வேறொரு காரணத்துக்காகவும் கேள்வி கேட்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. 'நான்தான் சொல்லிக்கொடுத்தேன், மிஸ்' என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கவேண்டும். மூன்று சொல்லில் முடிகிற வேலை. ஆனால் என் முடிவு இன்னும் வரவில்லை. விசாரணைக்குப் பொய்சொல்லப் பழக்குகிறவன் என்று ஒரு கடதாசியில் ஏறினால், அது எந்த மேசைக்குப் போகும், யார் என்னுடைய நாலு நாளைத் திரும்பக் கிளறுவார்கள்?

"நான் கவனிக்கேல்லை, மிஸ்" என்றேன்.

ஐப்பசியில், அவருக்கு நிதானம் இல்லை என்று கடிதம் வந்தது. கார்லா அதைக் குசினியில் வைத்து வாசித்துக் காட்டினாள். மாஸ்டர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தார். "அது நடிப்பு. சிறிதரன்தான் சொல்லித் தந்தவன், நான் செய்தனான்" என்றார். பிறகு பியானோவுக்குப் போய் உரக்க, ஜோ வோக்கர், பென் ஹார்லி, மார்த்தா லேன் என்று ஒவ்வொருவருடைய மெட்டாக வாசித்துக் காட்டத் தொடங்கினார். நூற்று எண்பத்தேழு என்று கத்தினார், இருநூற்றுப் பதினொன்று என்று கத்தினார்.

கார்லா என்னைப் பார்த்தாள். "உண்மையா? நீயா சொல்லிக் குடுத்தாய்?"

மாஸ்டர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். பயமே இல்லாத முகம். நான் சொல்வேன் என்று அவ்வளவு நம்பிக்கை.

"இல்லை" என்றேன்.

அவர் விரல்களைக் கட்டையிலிருந்து எடுத்தார். பியானோவை மூடினார். மற்றவர்கள்மேல் பழிபோடுவதும் இந்த நோயில் ஒன்று என்று வைத்தியர் சொன்னதாகக் கார்லா என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். அதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்காது. இரண்டு கிழமையில் அவரை மெல்பேர்னுக்குக் கொண்டுபோனார்கள். காரில் ஏறும்போது கழுத்துக் கடிகாரத்தைக் கழற்றி என் கையில் தந்தார்.

2013 மாசியில் எனக்கு நிரந்தர விசா கிடைத்தது. நாலு நாள் என்பதை நம்பிவிட்டார்கள். அந்தக் கடிதம் வந்த மறுநாளே யாமினியின் கந்தோருக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்ததும், "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு தொலைபேசியை எடுத்தார். பாவம், தன்னால் முடிந்ததைச் செய்தார். மெல்பேர்னில் திரும்பவும் ஒருமுறை மதிப்பிடச் சொல்லி எழுதினார். ஆனால் தை மாதத்தில் மாஸ்டர் இல்லத்தில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்து, மருந்தும் மயக்கமுமாகத் திரும்பியிருந்தார். இந்தமுறை அவர்கள் கேட்டபோது நடிப்பு இல்லை. புரட்டாதிப் பரீட்சைத் தாளும் இந்தத் தாளும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்ததாம்.

கார்லாவுக்கும் எழுதினேன். ஒரு மாதம் பதில் இல்லை. பிறகு தொலைபேசியில், "என்னோடை கதைக்காதை. போய் அவரைப் பார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

ஆனியில் பஸ் ஏறி மெல்பேர்ன் போனேன். அங்கே அது குளிர்காலம். கோட்டுப் போட்டுக்கொண்டு, கடிகாரத்தை என்னுடைய விசாக் கடதாசிக் கோப்புக்குள் வைத்துக் கக்கத்தில் இடுக்கியிருந்தேன். இலக்கம் அமுக்கித் திறக்கிற கதவுக்கு உள்ளே, யன்னலோரக் கதிரையில் மாஸ்டர் இருந்தார். பாதியாய்ப் போயிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. கடிகாரத்தைக் கையில் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பித் தந்தார்.

பாதிரியின் செத்தவீட்டு மெட்டைச் சீழ்க்கையடித்தேன், குதிரை தண்ணீர் குடிக்கிற அந்த இடத்தை. அவர் தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டார்.

"நல்லாயிருக்கு. ஆர் செய்தது?" என்றார்.

"நீங்கள்தான், மாஸ்டர். ஜோ வோக்கர் எண்ட பெயரிலை."

அந்தப் பெயரைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. என் கோட்டைப் பார்த்தார், மடியிலிருந்த விசாக் கோப்பைப் பார்த்தார். கதிரையில் நிமிர்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் வைத்தார்.

"லிவியோ கர்தெல்லி. ஒரு பெயர்தான். நூறு படம். மற்றது ஞாபகமில்லை" என்றார். ஒரு சொல் பிசகவில்லை.

பிறகு என் பக்கம் குனிந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"சரியா வந்ததோ?"

"வந்தது" என்றேன்.